உலகமயத்தால் வறுமை குறைந்ததா? எண்களோடு வாருங்கள்

எண்ணெழுத்து:
போன இழையில் ஒருவர் "உலகமயமாக்கல் என்பது ஏழை நாடுகளைச் சட்டப்படி கொள்ளையடிக்கும் ஏற்பாடு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனார். அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள், அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

உலக வங்கியின் கணக்குப்படி, நாளொன்றுக்கு 1.90 டாலருக்கும் குறைவில் வாழ்வது என்ற அப்போதைய அளவுகோலில், 1990இல் கடும் வறுமையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 190 கோடிப் பேர். உலக மக்களில் 36 விழுக்காடு. 2015இல் அது 73 கோடி, 10 விழுக்காடு. வணிகத்துக்கு எல்லைகள் திறந்துவிடப்பட்டதும் இதே 25 ஆண்டுகளில்தான். 1995இல் உலக வணிக அமைப்பு வந்தது, 2001 டிசம்பரில் சீனா அதில் சேர்ந்தது. கொள்ளை போன வீட்டில் குதிர் நிறையுமா?

களத்துமேடு:
அந்த ஒருவர் நான்தான். எண் கேட்டீர்கள், இதோ. 1990இன் அந்த 190 கோடியில் ஏறக்குறைய 75 கோடிப் பேர் சீனர்கள். 2015இல் சீனாவில் அது ஒரு கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. ஆக நீங்கள் காட்டும் குறைவில் பெரும்பங்கு ஒரே நாட்டின் கதை. அந்த நாடு, எல்லையைத் திற என்ற உங்கள் பாடப்படி நடந்ததா? வங்கிகள் அரசின் கையில். பணம் நினைத்தபடி வரவோ போகவோ முடியாது. கார் செய்ய வருகிறாயா, உள்ளூர்க் கூட்டாளியோடு வா, உன் பங்கு பாதியைத் தாண்டக் கூடாது என்றார்கள்.

பாடப்படி நடந்த நாட்டையும் பார்ப்போம். ஹைட்டி, 1980களின் தொடக்கம்வரை தனக்கு வேண்டிய அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்த நாடு. 1995இல் பன்னாட்டு நாணய நிதியமும் (ஐ.எம்.எஃப்) அமெரிக்காவும் கொடுத்த நெருக்கடியில் அரிசி இறக்குமதி வரியை 3 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். அமெரிக்க அரசு மானியத்தில் விளைந்த அரிசி கப்பல் கப்பலாக வந்தது. கட்டுப்படியாகாத உழவன் நிலத்தை விட்டு நகரத்துச் சேரிக்குப் போனான். 1995இல் அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனே 2010 மார்ச்சில் அந்நாட்டு செனட் குழுவின் முன்னால் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளில் சிலருக்கு வேண்டுமானால் நன்மையாக இருந்திருக்கலாம் என்றார். அந்த ஒப்புதலை எந்த உலையில் போட்டு வடிப்பது?

நாலாம்பெஞ்ச்:
சின்னச் சந்தேகம், யாரும் அடிக்க வராதீர்கள். மானியம் கொடுத்து விளைவித்ததை அடுத்தவன் ஊரில் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பெயர் சுதந்திர வணிகமா?

எண்ணெழுத்து:
இல்லை. நான் சொல்ல நினைத்ததும் அதுதான். வரியை இறக்கச் சொன்னவர்கள் தங்கள் மானியத்தை இறக்கவில்லை. ஒருவன் கையைக் கட்டிவிட்டு நடத்தும் மல்யுத்தம் அது. ஆனால் ஹைட்டியில் 1991இல் ராணுவக் கவிழ்ப்பு நடந்தது, அதைத் தொடர்ந்து பொருளாதாரத் தடை வந்தது. அந்த நாட்டின் துன்பம் அத்தனையையும் அரிசி வரியின் தலையில் கட்ட முடியாது.

சீனக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டீர்கள், முழுதாகக் கழித்துப் பாருங்கள். சீனாவை நீக்கினால் 1990இல் சுமார் 115 கோடி, 2015இல் சுமார் 72 கோடி. 40 கோடிக்கு மேல் குறைந்திருக்கிறது, மக்கள்தொகை ஏறிக்கொண்டே இருந்த காலத்தில். மேலும், 1990களின் தொடக்கத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்த சராசரி இறக்குமதி வரியை, உலக வணிக அமைப்பில் சேரும் முன்பே 15 விழுக்காடு அளவுக்குச் சீனா இறக்கியிருந்தது. கதவை மூடிக்கொண்டு வளர்ந்த நாடு அல்ல அது.

தராசுமுள்:
இரண்டு பேரும் "திறப்பு" என்ற ஒரே மூட்டையில் இரண்டு சரக்கைக் கட்டுகிறீர்கள். பொருள் எல்லை தாண்டுவது ஒன்று, பணம் எல்லை தாண்டுவது வேறொன்று. தொழிற்சாலையைப் பெயர்த்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓட முடியாது. குறுகிய காலக் கடனாக வந்த டாலர் ஓடும்.

தன் நாணயமான 'பாட்'டின் மதிப்பை டாலரோடு கட்டிவைத்திருந்த தாய்லாந்து, 1997 ஜூலை 2 அன்று அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. சில மாதங்களில் இந்தோனேசியா, தென்கொரியா வரை நெருக்கடித் தீ பரவியது. அந்த நாடுகளின் தொழிலாளிகள் ஒரே வாரத்தில் வேலையை மறந்துவிட்டார்களா என்ன? கடன் கொடுத்தவர்கள் வாசலை நோக்கி ஓடினார்கள், அவ்வளவுதான். மலேசியா 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிப்போட்டு, பணம் வெளியேறக் கட்டுப்பாடு விதித்தது. முதலீட்டாளர்கள் இனி எட்டிப்பார்க்கவே மாட்டார்கள் என்றார்கள். 1999இலேயே வளர்ச்சி திரும்பியது. இத்தகைய கட்டுப்பாடு சில நேரங்களில் பொருத்தமானதே என்று பன்னாட்டு நிதியம் 2012இல் தன் கொள்கையாகவே எழுதியது. இத்தனைக்கும் நடுவில் மலேசியா ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பதையும் களத்துமேடு கவனிக்க வேண்டும்.

எண்ணெழுத்து:
பொருளையும் பணத்தையும் பிரித்தது சரி, ஏற்கிறேன். ஆனால் 1999இல் தென்கொரியாவும் எழுந்துவிட்டது, நிதியம் கொடுத்த கசப்பு மருந்தைக் குடித்தபடியே. மலேசியா பிழைத்தது கட்டுப்பாட்டால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

களத்துமேடு:
தென்கொரியாவை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லது. ஜப்பானியக் கார்களை 1990களின் இறுதிவரை உள்ளே விடாமல் வைத்திருந்த நாடு அது. வங்கிக் கடன் யாருக்கு, எந்தத் தொழிலுக்கு என்று அரசே தீர்மானித்தது. ஏறியபின் ஏணியை உதைத்துத் தள்ளுகிறார்கள் என்று பிரிட்டனைப் பற்றி ஜெர்மன் பொருளியலாளர் பிரெடரிக் லிஸ்ட் 1841இல் எழுதினார். அப்போது ஜெர்மானியர்கள் கீழே நின்றார்கள், இப்போது வேறு ஆட்கள் நிற்கிறார்கள்.

எண்ணெழுத்து:
கொரியா பாதுகாத்தது உண்மை. ஆனால் சும்மா பாதுகாக்கவில்லை. கடன் வேண்டுமா, வெளிச்சந்தையில் விற்றுக் காட்டு என்றது. சோறு போட்டுவிட்டுக் கணக்கும் கேட்டது. லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகள் சோறு மட்டும் போட்டன. உள்நாட்டு முதலாளி உலகச் சந்தையை ஒருநாளும் சந்திக்காமலே கொழுத்தான், மட்டமான பொருளுக்கு மக்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். அதற்கும் கொள்ளை என்றுதானே பெயர்? உங்கள் ஒரு வரியில் அவனுக்கு இடமே இல்லை.

களத்துமேடு:
சரி, இடம் கொடுக்கிறேன். ஆனால் அவனைத் தேர்தலில் தண்டிக்கும் வழியாவது மக்களிடம் இருந்தது. வெளிநாட்டு நிறுவனத்தை என்ன செய்வது? உருகுவே சிகரெட் அட்டையின் 80 விழுக்காட்டை எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்கச் சொன்னது. பிலிப் மோரிஸ் நிறுவனம் 2010இல் வெளிநாட்டு முதலீட்டைக் காக்க நாடுகள் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டிப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. ஒரு நாடு தன் மக்களின் நுரையீரலைக் காக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

எண்ணெழுத்து:
2016இல் உருகுவேதானே ஜெயித்தது? செலவுக்காக நிறுவனம்தான் 70 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

தராசுமுள்:
ஜெயித்தது, ஆறு வருடம் கழித்து. அதைவிடப் பெரிய விளைவு வழக்குக்கு வெளியே இருக்கிறது. இதேபோன்ற சிகரெட் அட்டைச் சட்டத்துக்காக ஆஸ்திரேலியாமீது போடப்பட்ட வழக்குகள் என்ன ஆகின்றன என்று பார்த்துவிட்டுச் செய்யலாமென்று நியூசிலாந்து தன் சிகரெட் அட்டைச் சட்டத்தைத் தள்ளிப்போட்டது. வழக்கே போடாமல் கிடைத்த வெற்றி அது.

நாலாம்பெஞ்ச்:
எல்லாரும் ஏழை நாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். பணக்கார நாட்டில் வேலை போனவன் என்ன ஆனான்?

தராசுமுள்:
அமெரிக்காவைப் பற்றி பொருளியலாளர்கள் ஆட்டர், டோர்ன், ஹான்சன் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சீன இறக்குமதியால் அடிபட்ட வட்டாரங்களில் தொழிற்சாலை வேலை போனது. போனவர்கள் வேறு ஊருக்குப் பெயர்ந்து வேறு வேலையில் அமர்வார்கள் என்றுதான் பாடநூல் சொல்லும். பெரும்பாலோர் பெயரவே இல்லை. இறக்குமதியால் வேலையிழந்தவர்களுக்கென்றே இருந்த உதவித் திட்டத்தில் கிடைத்ததைவிட, உடல் இயலாமை உதவித்தொகையாக அந்த வட்டாரங்களுக்குப் போன பணம் பல மடங்கு. அதாவது நட்டஈடு கதவு வழியாக வரவில்லை, ஜன்னல் வழியாக வந்தது.

டானி ரோட்ரிக் என்ற பொருளியலாளர் 1998இல் இன்னொன்றைக் காட்டினார். வெளிவணிகத்துக்கு அதிகம் திறந்த நாடுகளில் அரசின் செலவும் பொதுவாக அதிகம். அடி விழும் என்று தெரிந்தவன் மெத்தை விரித்து வைக்கிறான். மெத்தை வாங்க வரிப்பணம் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

களத்துமேடு:
வரியை யாரிடம் வாங்குவது? தொழிலாளி ஊரோடு கட்டுண்டவன். பெருநிறுவனமோ, 2023 வரை 12.5 விழுக்காடு வரியே இருந்த அயர்லாந்தில் லாபத்தைக் காட்டிவந்தது. 2015இல் அயர்லாந்தின் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 26 விழுக்காடு வளர்ந்ததாகக் கணக்கு வந்து உலகமே சிரித்தது நினைவிருக்கிறதா? இடம் மாறியது பெரும்பாலும் கணக்குப் புத்தகம்.

எண்ணெழுத்து:
அதற்காகத்தான் 2021 அக்டோபரில் 136 நாடுகள் பெருநிறுவனங்களுக்குக் குறைந்தது 15 விழுக்காடு வரி என்று உடன்பட்டன. கவனியுங்கள், அதற்கும் நாடுகள் ஒன்றுகூட வேண்டியிருந்தது. தனித்தனியே வேலி போட்டுச் சாதித்திருக்க முடியாது. வரியைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், இங்கே கலக்க வேண்டாம். சீனாவின் 75 கோடியை நான் ஒப்புக்கொண்டேன். மிச்சமுள்ள 40 கோடியை நீங்கள் இன்னும் தொடவில்லை, நண்பரே.

களத்துமேடு:
தொடுகிறேன். அதில் எந்த நாடு எவ்வளவு, எந்த ஆண்டில் எந்த வரியை இறக்கியது என்று பிரித்துப் பார்க்காமல் பேச மாட்டேன். சனிக்கிழமைவரை அவகாசம் கொடுங்கள். அதற்குள் இந்த இழையையும் பூட்டிவிடாதீர்கள்.