கார்னெட்டில் துத்தநாகமும் ஈயமும் மட்டும் லேசர் அளவீட்டில் கூடுவது ஏன்?

கேள்வி:
உருமாறிய பாறையிலுள்ள கார்னெட் படிகங்களின் சுவடு தனிமங்களை, 266 நானோமீட்டர் லேசருடன் இணைந்த ஐசிபி நிறை நிறமாலைமானியில் (லேசர் பெயர்த்த துகள்களைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) அளந்து வருகிறேன். தனிமச் செறிவுகள் முன்பே தெரிந்த என்ஐஎஸ்டி 612 கண்ணாடியை அளவீட்டுத் தரமாகவும், சிலிக்கான் 29 ஓரிடத்தானை அகத்தரமாகவும் (மற்றத் தனிமங்களின் சமிக்ஞையை ஒப்பிடும் உள் அளவுகோல்) கொண்டிருக்கிறேன். அருமண் தனிமங்களின் செறிவுகள், அதே கார்னெட்டை அமிலத்தில் கரைத்து அளந்த மதிப்புகளுடன் ஒத்துப்போகின்றன. துத்தநாகமும் ஈயமும் மட்டும் எப்போதும் கூடுதலாகவே வருகின்றன. சமிக்ஞை வலுவாகவே இருப்பதால் உணர்திறனில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
சராசரியை விட்டுவிட்டு, நேரத்துக்கேற்பச் சமிக்ஞை மாறும் வரைபடத்தை முதலில் பாருங்கள். முதல் சில நொடிகளில் உயர்ந்து பிறகு சரிந்தால், மெருகேற்றியபோதோ கைபட்டோ மேற்பரப்பில் படிந்த மாசு அது. அளவீட்டுக்கு முன் ஓரிரு துடிப்புகளால் அந்த இடத்தைத் துடைத்துவிடலாம். மாறாக, குழி ஆழமாக ஆழமாகச் சிலிக்கானுடனான விகிதம் மெல்ல ஏறினால், அது தனிமப் பிரிகை: எளிதில் ஆவியாகும் துத்தநாகமும் ஈயமும் சிலிக்கானைப் போல நடந்துகொள்வதில்லை, இந்த வேறுபாடு கண்ணாடியிலும் கார்னெட்டிலும் ஒரே அளவில் இருக்காது என்பதால், அளவீட்டுத் தரத்தைக் கொண்டு செய்யும் திருத்தத்தில் அது முழுமையாக நீங்குவதில்லை. 193 நானோமீட்டர் லேசரும், லேசர் மாதிரியைக் குழிக்கும் கலனில் ஆர்கானுக்குப் பதில் ஹீலியமும் இதைப் பெரிதும் குறைக்கும். செறிவுகள் தெரிந்த, இரும்பு மிகுந்த பிசிஆர்-2ஜி பசால்ட் கண்ணாடியை அறியாத மாதிரியாக எண்ணி அளந்து பார்ப்பதும் நல்லது.

மறுமொழி 2:
இடையில் திடீர் முகடுகள் தெரிந்தால் உள்ளடக்கக் கனிமங்களை, அதாவது கார்னெட்டுக்குள் சிக்கிய வேறு நுண் கனிமங்களை, சந்தேகியுங்கள். சிர்க்கோனியம், டைட்டானியம், பாஸ்பரஸ் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்தால், சிர்க்கான், ரூட்டைல், அபடைட் ஆகியவை குறுக்கிட்ட பகுதியைக் கண்டு வெட்டி எறியலாம்.

கேள்வி கேட்டவர்:
விகிதம் ஏறத்தான் செய்கிறது. உள்ளடக்கங்களைத் தவிர்க்க லேசர்ப் புள்ளியின் விட்டத்தை 60 மைக்ரானிலிருந்து 30 ஆகக் குறைக்கலாமா?

மறுமொழி 1:
நான் குறைக்க மாட்டேன். பரப்பு நான்கில் ஒன்றாகும், சமிக்ஞையும் அப்படியே குறையும். வாயு வெற்றளவு (லேசர் இயங்காதபோதும் வரும் பின்னணிச் சமிக்ஞை) அப்படியே இருக்க, கண்டறியும் எல்லை (அளக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவு) ஏறத்தாழ நான்கு மடங்கு மோசமாகும். அதைவிட, அதே ஆழத்துக்குக் குழி விட்டத்தை ஒப்பிட இருமடங்கு குறுகலாகிவிடும். பிரிகை இன்னும் வலுக்கும். விட்டத்தை 60 மைக்ரானிலேயே வைத்து, துடிப்பு வீதத்தைக் குறைத்து, குழியின் ஆழம் விட்டத்தைத் தாண்டுமுன் நிறுத்துங்கள்.