வலைக்குப் பதிலாக முள் புதர்: பழமரங்களைத் தேடி வரும் உயிர்களோடு என் அனுபவம்

பறவைகளும் விலங்குகளும் வந்து தின்ன வேண்டும் என்பதற்காகவே பழமரம் வளர்ப்பவர்கள்கூட, முதல் சில ஆண்டுகள் அதே விலங்குகளிடமிருந்து கன்றைக் காப்பாற்றியாக வேண்டியிருக்கிறது. அந்தக் காவல் எப்படி இருக்க வேண்டும் என்று இங்கே பலரும் கேட்டிருப்பதால், நான் கண்டவற்றையும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் கொய்யா மரத்தின்மீது போர்த்தியிருந்த மெல்லிய நைலான் வலையில் ஒரு சாரைப்பாம்பு சிக்கிக்கொண்டது. பாம்பின் செதில்கள் வால் பக்கமாகப் படிந்திருப்பதால், கண்ணிக்குள் நுழைந்த உடல் முன்னே போகுமே தவிர எளிதில் பின்வாங்காது. திமிறத் திமிற இழைகள் செதில்களுக்கு அடியில் இறங்கிச் சதையை அறுத்திருந்தன. பாம்பு மீட்பில் பயிற்சி பெற்ற ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் சிறிய கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக வெட்டினேன். பழந்தின்னி வௌவால்களின் நிலை இதைவிடக் கொடுமையானது. இழை இறுக்கியதில் இரத்த ஓட்டம் தடைபட்ட இறக்கைச் சவ்வு, மீட்கும்போது நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், சில நாட்களுக்குப் பிறகு செத்து உதிர்வதுண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண்ணி, முழுதாக இழுத்த நிலையிலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2021 செப்டம்பர் முதல் சட்டமாகவே இருக்கிறது. விரல் நுழையும் கண்ணியுள்ள வலையை வாங்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குத் தேவையான பழங்களுக்கு மட்டும் துணிப்பை கட்டிவிட்டு, மற்றவற்றை வருகிற உயிர்களுக்கு விட்டுவிடலாம்.

இளங்கன்றுக்கு உண்மையான ஆபத்து பட்டையைக் கடிப்பதால்தான் வருகிறது. நுனியைக் கிள்ளித் தின்றால் கன்று மீண்டும் துளிர்க்கும். ஆனால் இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்கும் வழி பட்டையில் இருப்பதால், ஆடோ மானோ எலியோ தண்டைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால் வேர் பட்டினியில் கிடந்து மரம் பட்டுப்போகும். எனவே தொடக்கத்தில் கம்பிக் கூண்டு அவசியம். மண்ணின் ஈரம் காக்கப் பரப்பும் சருகு, வைக்கோல் போன்ற மூடாக்கையும் தண்டை ஒட்டிக் குவிக்காமல் சற்றுத் தள்ளியே பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பட்டை அழுகுவதோடு எலிகளுக்கும் அது மறைவிடமாகிவிடும். கூண்டு வைக்கும்போதே அதற்கு வெளியே களாவையும் இலந்தையையும் வட்டமாக நட்டேன். கூண்டை எடுக்க வேண்டிய காலம் வருவதற்குள் அந்தப் புதர்கள் வேலியாக அடர்ந்துவிட்டன. கொண்டைக்குருவிகள் அந்த முள்ளுக்குள் கூடு கட்டுகின்றன, அவற்றின் எச்சத்தில் விழுந்த விதைகளும் அங்கேயே முளைக்கின்றன. இப்போது ஒரு களாப்புதரின் நடுவிலிருந்து நான் நடாத வேப்பங்கன்று ஒன்று தலை நீட்டியிருக்கிறது. ஆட்டின் வாய்க்கு எட்டாமல் முள்ளே அதைக் காத்துவருவதால், அதற்குத் தனிக் கூண்டு தேவைப்படவில்லை.

பெரிய மரம் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், சுவர்களிலிருந்தும் குழாய்களிலிருந்தும் தள்ளி ஓர் அத்தியையோ ஆலையோ நடுங்கள் என்பேன். ஒரே இனமாக இருந்தாலும் இம்மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை. அவற்றின் மகரந்தச் சேர்க்கையைச் செய்யும் நுண்ணிய குளவிக்கு ஆண்டு முழுவதும் எங்காவது ஓர் இளங்காய் கிடைத்தாக வேண்டும். பெண் குளவி முட்டையிடுவதற்காகக் காயின் நுனித்துளை வழியே இறக்கை பிய்ந்துபோகும் அளவுக்கு நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அந்தக் குளவி பிழைக்க வேண்டியிருப்பதால்தான், மற்ற மரங்களில் பழம் இல்லாத மாதங்களிலும் குயிலுக்கும் குக்குறுவானுக்கும் வௌவாலுக்கும் மரநாய்க்கும் இம்மரங்களில் உணவு கிடைக்கிறது. என் அத்தியில் பட்டுப்போன கிளை ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தேன். குக்குறுவான் அதைக் குடைந்து, வாய் நிறைய மரத்தூளைக் கவ்வி, தலையை வெளியே நீட்டி உதறிவிட்டு மீண்டும் உள்ளே போவதைப் பல காலைப்பொழுதுகளில் நின்று பார்த்திருக்கிறேன். காய்ந்த கிளை, யார் தலையிலும் விழும் இடத்தில் இல்லாவிட்டால், இருந்துவிட்டுப் போகட்டும்.

பழம் தின்னும் பறவைகளிலும் பல, குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே பெரிதும் ஊட்டுகின்றன. ஆகையால் எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவுக்கு மருந்தடிக்காதீர்கள். பறவை எச்சம்போலத் தோன்றும் அந்தப் புழு வளர்ந்து பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கவட்டை ஒன்றை நீட்டிக் காரமான வாடையைப் பரப்பும்; குஞ்சுக்கு இரையாகாமல் தப்பியது பட்டாம்பூச்சியாகும். உண்ணிச்செடியின் பழங்களையும் பறவைகள் விரும்பித் தின்னத்தான் செய்கின்றன. ஆனாலும் அச்செடியை நட வேண்டாம், ஏனெனில் அது பரவினால் களாவும் இலந்தையும் முளைக்கவே இடமிருக்காது.

கவாத்து செய்வதற்கு முன் புதருக்குள் நன்றாகப் பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால், கூடு காலியாகும்வரை வெட்டுவதைத் தள்ளிவைப்பதே நான் கடைப்பிடிக்கும் முறை.