போஸ்டிங் வரும்வரை: காத்திருப்பின் காலத்தில் கர்த்தரை நம்பிய அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை:

2013-இல் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, அரசுப் பள்ளி நியமனத்துக்காக இன்னும் காத்திருக்கிறவர்களில் நானும் ஒருத்தி. தேறிவிட்டால் வேலைதான் என்று வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தோம். ஆனால் நியமனத்துக்குப் பிளஸ் டூ, பட்டப்படிப்பு, பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிடும் வெயிட்டேஜ் முறை இருந்தது. மதிப்பெண் தாராளமாகக் கிடைக்காத காலத்தில் பிளஸ் டூ எழுதிய என்னைப் போன்றவர்கள் அதில் பின்தங்கிப்போனோம். 2018-இல், தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு நியமனத்துக்கென்று தனியாக ஒரு போட்டித் தேர்வு என அரசாணை வெளியானது. ஏழு ஆண்டுகள்தான் செல்லும் என்றிருந்த சான்றிதழ் காலாவதியாகிவிடுமோ என்று தவித்துக்கொண்டிருந்த வேளையில், அது ஆயுள் முழுவதும் செல்லும் என்ற அறிவிப்பு 2021-இல் வந்தது. இல்லை என்று ஒரே நாளில் சொல்லிவிட்டால் அழுது தீர்த்துவிட்டு வேறு வழி பார்க்கலாம். ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வருடங்கள் போகும்போதுதான், ஜெபத்தில் எதைக் கேட்பது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் எல்லாமே “போஸ்டிங் வந்த பிறகு” என்றாகிவிட்டது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் அப்படித்தான், என் திருமணப் பேச்சும் அப்படித்தான். அம்மா அந்தச் சொல்லை ஒரு தேதியைக் குறிப்பிடுவதுபோலவே உச்சரிப்பார்கள். இதற்கிடையில் புத்தாண்டு இரவு ஆராதனையில் எடுத்த, வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் எனக்கு எரேமியா 29:11 வந்தது. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவைகள் என்ற வசனம். அதை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் இருக்காது. ரோஜாப்பூப் படம் போட்ட அந்த அட்டையை அம்மா காலண்டருக்குப் பக்கத்தில் செருகி வைத்தார்கள். அந்த வருடமே வேலை உறுதி என்று சொன்னவர்களும் உண்டு.

வீடு சந்திக்க வந்த எங்கள் சபைப் போதகரான ஐயர் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அவர்கள் திரும்பிவர எழுபது வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். அப்படியானால் அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பெரும்பாலானோர் பாபிலோனிலேயே மரித்திருப்பார்கள். நாம் ஆசையாய் எடுத்துக்கொள்ளும் பதினோராம் வசனம் முதலாவது அவர்களுக்குத்தான் சொல்லப்பட்டது. அதற்கு முந்தின அதிகாரத்திலே அனனியா என்கிறவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஜனங்களின் காதுக்கு இனிமையாய்ச் சொன்னான். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நம் கூட்டங்களிலும் தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அனனியாவின் ஞாபகம்தான் வருகிறது.

என்னை அசைத்தவை ஐந்தாம், ஆறாம் வசனங்கள். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், திருமணம் செய்யுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்று கர்த்தர் சொல்கிறார். அதுவும் அந்நிய ஊரில், வாக்குத்தத்தம் நிறைவேறுவதற்கு வெகுகாலம் முன்பே. ஏழாம் வசனம் அந்த ஊருக்காக ஜெபம்பண்ணவும் சொல்கிறது. ஐயர் அதற்குமேல் விளக்கம் எதுவும் தரவில்லை. காபியைக் குடித்துவிட்டு, “மாப்பிள்ளை பார்க்கலாமே அம்மா” என்று என் தாயிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திருமணம் நடந்தது. புகுந்த ஊரில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை இட்டுச் சுருட்டி நூல் கட்டும் வேகத்திலேயே, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மாலையில் எங்கள் திண்ணையில் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். 2024 பிப்ரவரியில் நடந்த பட்டதாரி ஆசிரியர் போட்டித் தேர்வையும் எழுதினேன், நியமனம் கிடைக்கவில்லை. அதற்காக இன்றும் ஜெபிக்கிறேன். ஆனால் “வந்த பிறகு” என்ற பேச்சு எங்கள் வீட்டில் இப்போது இல்லை.

களக்காடு பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் உபதேசியார் (சபை ஊழியர்):

சகோதரி எழுதியதை வாசித்தேன். எழுபது வருஷத்தைப் பற்றி அவர்கள் சொன்னதையே, வயதான ஒருவனுடைய பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். என் மனைவி பக்கவாதத்தால் விழுந்து, வலது கையும் பேச்சும் போய்ப் படுக்கையில் இருக்கிறாள். சபையார் உபவாசமிருந்து ஜெபித்தார்கள்; எண்ணெய் பூசியும் ஜெபித்தோம். சுகம் வரவில்லை. விசுவாசக் குறைவு என்று என்னிடம் நேரில் சொன்னவர் ஒருவர்தான்; சொல்லாமல் நினைத்தவர்கள் எத்தனை பேர் என்பது கர்த்தருக்குத் தெரியும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் டோனாவூர் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இல் அங்கே வந்து, கோயில்களுக்குத் தேவதாசிகளாக விடப்படவிருந்த பெண்பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்து வளர்த்தவர் என்பது பலருக்கும் தெரிந்ததே. 1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்த பிறகு, 1951-இல் மரிக்கும்வரை அவர் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. அந்த இருபது வருஷத்தில் அவருடைய சுகத்துக்காக அந்த வளாகத்தில் எத்தனை பிள்ளைகள் முழங்காற்படியிட்டிருப்பார்கள்? அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அந்த அறையிலிருந்தே அவர் புத்தகங்களையும் கடிதங்களையும் எழுதிக்கொண்டிருந்தார். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. என் மனைவி புத்தகம் எழுதப்போவதில்லை. என் குரல் கேட்டால் இடது கையைத் தூக்குவாள், அவ்வளவுதான்.

ஆபிரகாமுக்கு எழுபத்தைந்து வயதில் அழைப்பு, நூறாவது வயதில் ஈசாக்கு என்று நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். இப்போது எனக்கு எபிரெயர் 11-இல் பதின்மூன்றாம் வசனம்தான் துணை. வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமலே விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. இரவில் அவளைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு 88-ஆம் சங்கீதத்தை வாசிப்பேன். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. சிநேகிதரும் இல்லை, அறிமுகமானவர்களும் இல்லை என்றே முடிந்துவிடுகிறது. ஆனாலும் அதைப் பாடினவன் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்றுதான் வாய் திறக்கிறான். பதில் வராத இரவிலும் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் இப்போதைக்கு அது போதும்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி:

ஐயா, உங்கள் மனைவிக்காக இன்று ஜெபித்தேன். எங்களுக்குத் திருமணமாகிப் பல ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. சாட்சி வேளையில் எழுந்து பேசுகிறவர்கள் எல்லாருமே பெற்றுக்கொண்டவர்கள்தான் என்பதை இத்தனை ஆண்டுகளில் கவனித்திருக்கிறேன். வீடு கட்டினவர், விசா கிடைத்தவர், பேரன் பிறந்தவர். இன்னும் பெறாதவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். பெற்றுக்கொண்டவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் நடுவழியில் நிற்கிறவர்களுக்குச் சாட்சியே இல்லை என்பதுபோல் ஆகிவிடுகிறது. அக்காவும் நீங்களும் எழுதியதை நம் சபையில் யாராவது எழுந்து சொன்னால், கடைசி வரிசையில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

“அடுத்த வருடம் இதே நாளில் மடியில் பிள்ளையோடு வருவாய்” என்று தலையில் கைவைத்துச் சொல்கிறவர்களிடம் ஆமென் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். என்னோடு மருத்துவமனைக்குத் துணையாக வந்து, ஸ்கேன் அறைக்கு வெளியே என் கைப்பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த நாத்தனார்தான் எனக்குப் பெரிய பலமாயிருந்தாள்.

பிள்ளைக்காக அழுது ஜெபித்த அன்னாளின் கதையை நான் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன், சாமுவேல் பிறந்ததில்தான் அது முடியும். ஆனால் 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் அவள் கர்ப்பவதியானது இருபதாம் வசனத்தில். அவள் எழுந்துபோய்ச் சாப்பிட்டதும், அப்புறம் துக்கமுகமாய் இராததும் பதினெட்டாம் வசனத்தில். அப்போது அவள் கையில் ஒன்றுமே இல்லை. அடுத்த மாதப் பெண்கள் ஐக்கியக் கூடுகையில் வேதபாடம் எடுக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் வசனம்வரை மட்டும் வாசித்து நிறுத்திவிட்டு, அதுவரைக்கும் உள்ளதைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறேன்.