சத்தியத்தில் நடப்பது: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஏற்காடு ரைட்டர் (ஓய்வு)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சத்தியத்தைப் பற்றி நாம் தினமும் வசனம் அனுப்பிக்கொள்கிறோம். அந்த வசனம் வந்து நம் கையைப் பிடித்து நிறுத்திய நாள் ஒன்று எல்லாருக்கும் இருக்கும். அதை எழுதலாமே என்று தோன்றியது. முதலில் நானே எழுதிவிடுகிறேன்.

சேர்வராயன் மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் 28 வருஷம் ரைட்டராக இருந்தேன். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். எஸ்டேட்டில் எத்தனையோ மாறிவிட்டது, ஆனால் சாயங்காலம் பழம் நிறுக்கிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படியேதான் இருக்கிறது. நவம்பரில் பழம் சிவக்க ஆரம்பித்தால் ஜனவரி வரை ஓயாது. காலையில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கியவர்கள் நாலு மணிக்கு மூட்டையோடு களத்துக்கு வருவார்கள். பனியில் நனைந்த சாக்கு முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலெல்லாம் பழச்சாறு காய்ந்து கறுத்திருக்கும். கிலோ கணக்கில்தான் கூலி. கொக்கித் தராசில் மூட்டையை மாட்டி, முள் நின்ற இடத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதுவது என் வேலை.

எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு வழக்கத்தை விட்டுப்போயிருந்தார். மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு. சாக்குக்கும் ஈரத்துக்கும் ஒரு கிலோ போகும், சரி. இன்னொரு கிலோ எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அதில் ஒரு பைசாகூட என் பைக்கு வரவில்லை. அதனாலேயே அது எனக்குத் திருட்டாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த வருஷம் சபையில் காணிக்கை எண்ணுகிற பொறுப்பு என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து ரூபாய் இடித்தாலும் மூன்று தரம் எண்ணுவேன். திங்கட்கிழமை களத்தில் நின்று ஆளுக்கு ஒரு கிலோவைக் குறைத்து எழுதுவேன்.

ஒரு நாள் மலைக் கிராமத்து அம்மா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், மூட்டையை மாட்டினார். "இருபத்தொண்ணு" என்றேன். அவர் நகரவில்லை.

"முள்ளு இருபத்திமூணுல நிக்குதுங்களே சாமி."

"கழிவு ரெண்டும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுங்க. நீங்க ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போறவரு. அதான் கேக்கறேன், உங்க சாமிக்கும் கழிவு உண்டுங்களா?"

மலைத் தெய்வமான சேர்வராயனைக் கும்பிடுகிறவர் அவர். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது." ஓய்வுநாள் பள்ளியில் இந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். அதில் இருக்கிற தராசு என் கையில் இருக்கிற தராசுதான் என்று அத்தனை வருஷமும் எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் எஸ்டேட்டை நடத்துகிற துரையிடம் போய், இனிமேல் இரண்டு கிலோ கழிவு நான் எழுத மாட்டேன் என்றேன். அவர் திட்டவில்லை. நர்சரியில் நாற்றுப் பை நிரப்புகிற வேலையைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று வாரம் அங்கேதான். பிறகு அவரே கூப்பிட்டு, "என்னதான் சொல்ல வர்ற?" என்று கேட்டார். நனைந்த வெறும் சாக்கு ஒன்றை எல்லார் முன்னாலும் கொக்கியில் மாட்டினேன். முள் ஒரு கிலோவைத் தொடவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "சரி, ஒண்ணு போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பைபிளில் வருகிற வரி வசூல்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். என்னால் முடிந்தது அந்த ஒரு சீசன் நோட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டு என் சம்பளத்திலிருந்து கொடுத்ததுதான். அதற்கு முந்தைய வருஷங்கள் அப்படியே நிற்கின்றன. அந்தக் கூலி போய்ச் சேராதவர்களில் சிலர் இன்று உயிரோடும் இல்லை.

குகை சகோதரி

அண்ணா, படித்துவிட்டு என் வீட்டுக்காரரிடமும் காட்டினேன். சேலம் குகையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. பற்றவைப்பில் மட்டமான உலோகத்தைக் கலந்தால் டச்சு, அதாவது வெள்ளியின் சுத்தம், இறங்கிவிடும், எடை அப்படியே நிற்கும். காலில் போட்டுக்கொள்கிற பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு தீபாவளிக்கு முன்னால் பெரிய ஆர்டர் கொடுத்த வியாபாரி ஒருவர், டச்சை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள் என்றார். இவர் முடியாது என்றுவிட்டார். நாலு பேருக்குக் கூலி கொடுக்க வேண்டிய நேரத்தில் இது என்ன பிடிவாதம் என்று அன்றைக்கு இவரோடு சண்டை போட்டவள் நான்தான்.

சாட்சி சொல்லும்போது பலர், கர்த்தர் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தார் என்று முடிப்பார்கள். எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. போன ஆர்டர் போனதுதான். அந்தத் தீபாவளிக்கு வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தோம். "வெள்ளியைக் குகையும், பொன்னைப் புடமும் சோதிக்கும்" என்று நீதிமொழிகளில் வருகிறதே, அதை இவர் பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குகை வெள்ளியை உருக்குகிற பாத்திரம். நாங்கள் குடியிருக்கிற இடத்தின் பேரும் அதுதானே என்பார்.

அஸ்தம்பட்டி மகன்

இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அண்ணன் தங்கை எல்லாரும் கூடிப் பேசி, அல்சர் என்று சொல்லிவைத்தோம். அன்பினால்தான் செய்தோம். வீட்டுக்கு ஜெபிக்க வந்த போதகரிடம்கூட வாசலிலேயே நிறுத்தி, அல்சர் என்று சொல்லியே ஜெபியுங்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டோம். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நோயின் பேரையே சொல்லாமல் ஜெபித்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து, கஞ்சி குடிக்கும்போது அம்மா கேட்டார். "எத்தனை நாளுன்னு நான் கேக்கலைப்பா. என்னன்னு மட்டும் சொல்லு. தெரியாம நான் எப்படி ஜெபம் பண்றது?"

சொல்லிவிட்டேன். டம்ளர் அவர் கையில் ஆடவில்லை. மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தூருக்கு போன் போடு" என்றார். ஆத்தூரில் இருப்பது என் சித்தி. நிலத் தகராறில் இரண்டு பேரும் பதினோரு வருஷமாகப் பேசுவதில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சித்தி வந்து இறங்கினார். அம்மா போகிற வரைக்கும், நாலு மாதம், அவர்தான் கூடவே இருந்து தலைவாரிவிட்டார்.

"அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு" என்று எபேசியரில் இருக்கிறது. நாங்கள் அல்சர் என்றே சொல்லிக்கொண்டு போயிருந்தால் அந்த நாலு மாதம் இரண்டு பேருக்கும் கிடைத்திருக்காது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

குகை சகோதரி

தம்பி, இதை எழுதினது நல்லது. என் மாமியார் விஷயத்தில் நாங்கள் கடைசி வரை சொல்லவே இல்லை.

ரைட்டர் அண்ணா, அந்த மலைக் கிராமத்து அம்மா அப்புறம் சபைக்கு வந்தார்களா?

ஏற்காடு ரைட்டர் (ஓய்வு)

இல்லைம்மா, வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அந்தத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த சீசனில் ஒன்றைக் கவனித்தேன். மூட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு முள்ளைப் பார்க்காமலே போய், களத்தின் ஓரத்தில் டீ டம்ளரோடு உட்கார்ந்துவிடுவார். நான் சத்தமாகச் சொல்கிற கணக்கை அங்கிருந்தே கேட்டுக்கொள்வார்.