ஊரெல்லாம் ஒரே சுத்தியல்: நீங்கள் கட்டிய பில்டும் பட்ட பாடும்

மண்டபத்துக்காரன்:

2007. ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். கல்லூரி விட்டு மண்டபம் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் ஐந்து பேர் டயாப்லோ 2 என்ற கம்ப்யூட்டர் கேமை ஆடிவிடுவோம். நாம் வளர்க்கும் கேரக்டர் அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும். அதனால் ஆளுக்கொரு பென்டிரைவில் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தோம்.

நான் எடுத்தது சார்சரஸ், அதாவது மந்திரக்காரி. நெருப்பைத் தவிர வேறொன்றும் தெரியாத சார்சரஸ். லெவல் ஏறக் கிடைக்கும் பாயிண்டை எந்தத் திறனில் போடுகிறோம் என்பதுதான் பில்டு; என் பாயிண்ட் அத்தனையும் ஃபயர் பால், மீட்டியோர், ஃபயர் மாஸ்டரி என்ற நெருப்புத் திறன்களுக்கே போனது. நார்மல், நைட்மேர் என்ற முதல் இரண்டு கட்டத்தையும் ஊதித் தள்ளினேன். கடைசிக் கட்டமான ஹெல்லுக்குள் கால் வைத்தால் எதிரே வந்தவன் பெயருக்குக் கீழே ‘ஃபயர் இம்யூன்’ என்று இருக்கிறது, நெருப்பு அவனை ஒன்றும் செய்யாது. அவனுக்குப் பின்னால் வந்த கூட்டத்துக்கும் அதேதான்.

2003-இல் வந்த 1.10 பேட்ச், அதாவது ஆட்டத்தைத் திருத்தும் அப்டேட், செய்த வேலை இது. ஒரு திறனில் போடும் பாயிண்ட் அதன் சொந்தக்காரத் திறன்களுக்கும் வலு சேர்க்கும் என்று ‘சினர்ஜி’ கொண்டுவந்து, எல்லாவற்றையும் ஒரே வழியில் கொட்ட வைத்தார்கள். அதே பேட்ச் ஹெல்லில் இம்யூன் கூட்டத்தையும் பெருக்கிவிட்டது. ஆசை காட்டி அடித்த மாதிரிதான். போட்ட பாயிண்டைத் திரும்ப எடுக்கும் வசதி 2010-இல், 1.13 பேட்சில்தான் வந்தது. அதுவரை தப்பாகப் போட்டால் போட்டதுதான்.

“மாப்ள, பாலடின் எடு, சுத்தியலைச் சுத்து” என்றான் ஒருவன். பாலடின் என்ற வீரன் சுழற்றும் சுத்தியல்தான் பிளெஸ்டு ஹேமர், அது அடிப்பது மேஜிக் வகை அடி. அதைத் தாங்குகிறவர்கள் ஹெல்லிலேயே அபூர்வம். ஒரே மாதத்தில் ஐந்து பேரும் சுத்தியல் பாலடின் ஆனோம். ஏழு கிளாஸ், அதாவது ஏழு வகை ஆள், இருந்த ஆட்டத்தில் ஆறைத் தொட ஆளில்லை. திரை முழுக்கச் சுத்தியல் சுழலும், பாஸ் விழுவான், யார் அடியில் விழுந்தான் என்று ஒருவனுக்கும் தெரியாது. கிடைக்கும் பொருளும் ஐந்து பேருக்கும் ஒன்றே வேண்டும். அந்தச் சண்டையிலேயே கூட்டம் கலைந்தது. உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா:

எனக்குப் பாத் ஆஃப் எக்ஸைல் என்ற இன்னொரு கேம், துபாய் ரூமில். அதில் கிளாஸ் என்பது பெயருக்குத்தான். வலு கூட்டும் புள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ள ஒரே மரத்தில் எந்த மூலையில் தொடங்குகிறோம் என்பதுதான் முக்கிய வித்தியாசம். திறன் எல்லாம் கல்லில் இருக்கிறது, யாரும் எதையும் மாட்டலாம். இவ்வளவு சுதந்திரம் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் தடவை என் இஷ்டத்துக்குப் போட்டு, கதை முடிவதற்குள் ஒரே அடியில் செத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் யாரோ போட்ட பில்டை அப்படியே காப்பியடித்தேன். பறந்தது. ஏன் பறக்கிறது என்று தம்பி கேட்டான், பதில் தெரியவில்லை. அடுத்த லீக் (புது சீசன்) பேட்சில் அதை நெர்ஃப் செய்து வலுவைக் குறைத்ததும் எதைத் திருத்துவது என்றும் தெரியவில்லை.

பாம்பன் தென்கடல்:

மண்டபத்து அண்ணே, நாங்கள் விசைப்படகுக்காரர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், வலை பின்னிய நேரம் போக மீதி நேரம் கிரிம் டான் என்ற கேம்தான். நெட் வேண்டாம், நண்பன் லேப்டாப்பும் என்னுடையதும் ஒரே ரவுட்டரில் இருந்தால் போதும். நாங்கள் ஆடியபோது அதில் ஒன்பது மாஸ்டரி, அதாவது திறன் பிரிவு, இரண்டிரண்டாகச் சேர்த்தால் 36 கிளாஸ். நான் சோல்ஜரும் ஷாமனும் கலந்த வார்டர். அவன் நெக்ரோமேன்சரும் அக்கல்டிஸ்டும் கலந்த கேபலிஸ்ட், பேய்ப் பட்டாளத்தோடு வருவான்.

என் அடி அவன் பேய்கள் அடிப்பதில் கால்வாசி இருந்தால் அதிகம். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நான் கேடயத்தோடு முன்னால் நிற்காவிட்டால் பாஸ் நேரே அவனிடம் போவான், இரண்டு தட்டில் காலி. அதற்குப் பிறகு எனக்கு நம்பரில் அக்கறை இல்லை.

எல்லாக் கிளாஸும் சமமாக இருக்க வேண்டும், பேலன்ஸ் என்று எல்லோரும் பேசுவதைக் கேட்டால் எனக்கு எங்கள் வடகடல் (பாக் விரிகுடா) மீன்பிடிக் கணக்குதான் ஞாபகம் வரும். விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள். எங்கள் எஞ்சினை யாரும் பிடுங்கவில்லை, நாளைத்தான் பிரித்தார்கள். இதில் எங்கள் வீட்டுக்கும் மனக்குறை உண்டு, நாட்டுப்படகு வைத்திருக்கும் மாமா வீட்டுக்கும் உண்டு. அதை விடுங்கள், அது வேறு சண்டை. வாடைக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் தென்கடல் (மன்னார் வளைகுடா). ஒரே வலையை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பிழைக்க முடியாத மாதிரி ஆட்டத்தையும் வைத்திருந்தால் அண்ணன் கூட்டம் கலைந்திருக்காது.

தங்கச்சிமடம் அக்கா:

நான் டயாப்லோ 2-இன் புதுப்பித்த பதிப்பான ரிசரெக்டெடில் மார்ஷியல் ஆர்ட்ஸ் அசாசின், அடி உதையால் சண்டை போடுகிறவள். ஆள் சீந்தாத காலத்திலிருந்தே. சார்ஜ் ஏற்றி, ஒரு உதை விட்டால் அத்தனையும் கரைந்து, மறுபடி ஏற்றி... சிரிப்பார்கள். 2023-இல் மொசைக் ரூன்வேர்ட், அதாவது ரூன் கற்களைப் பதித்துச் செய்யும் ஆயுதம், வந்தது. இரண்டு கையிலும் அதை மாட்டினால் உதை விட்டாலும் சார்ஜ் கரையாது. இப்போது பார்க்கிற இடமெல்லாம் மொசைக் அசாசின். நான் காப்பியடிக்கிறேனாம், தம்பி சொல்கிறான்.

மண்டபத்துக்காரன்:

அக்கா, உங்கள் தம்பியை என்னிடம் அனுப்புங்கள்.

பழைய பென்டிரைவ் கிடைத்தது. ரிசரெக்டெட் அந்தக் காலத்துக் கோப்பையும் ஏற்கிறது, என் சார்சரஸ் அப்படியே எழுந்து நின்றாள். 2022-இல் 2.5 பேட்சில் சண்டர் சார்ம் என்று ஒரு தாயத்து விட்டிருக்கிறார்கள், வைத்திருந்தால் இம்யூன் உடையும். நெருப்புக்கு உரியது ஃப்ளேம் ரிஃப்ட். பாயிண்டை மாற்றப் போவதில்லை, அதைத்தான் தேடப் போகிறேன். ஆனால் அது விழுவது ஹெல்லில் டெரர் ஜோனாக, அதாவது எதிரிகள் இன்னும் வலுவாகும் இடமாக, மாறிய பகுதிகளில். அங்கே இவள் நின்றால் ஒரு நிமிஷம் தாங்க மாட்டாள். அதனால் நேற்றிலிருந்து ஒரு சுத்தியல் பாலடின் வளர்க்கிறேன். லெவல் 31.