கணக்கில் ஒரே 60, வகுப்பு மட்டும் வேறு: தரம்பிரிப்பு எங்கே போனது?

நேர்கோடு:
2024இல் சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் (உயர்நிலைப்பள்ளியின் முதலாண்டு) சேர்ந்தவர்களிலிருந்து, பிள்ளைகளை மதிப்பெண்படி தனித்தனிப் பிரிவில் போட்ட தரம்பிரிப்பின் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்கள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் ஜி1 (எளியது), ஜி2, ஜி3 (கடினமானது) என்று தனித்தனி நிலையில் படிக்கலாம். பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள், சுவர் அப்படியே நிற்கிறது என்பது என் கருத்து.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 45 முதல் 64 வரை ஒரே படி, ஏஎல்6 (1 மேலானது, 8 கடைசி). கணக்கில் 60 வாங்கிய இரண்டு பிள்ளைகளுக்கும் அதுதான். ஒரு பிள்ளைக்கு மற்ற மூன்று பாடங்களில் 5, 4, 4. மொத்தம் 19 (குறைந்தால் நல்லது), அதனால் மேலான மூன்றாம் சேர்க்கைக் குழு. கணக்கை ஜி3இல் தொடங்கும். இன்னொரு பிள்ளைக்கு நான்கிலும் 6. மொத்தம் 24, இரண்டாம் குழு. கணக்கு ஜி2. ஜி3 வேண்டுமென்றால் ஏஎல்5, அதாவது குறைந்தது 65 எடுத்திருக்க வேண்டும். இருவருக்கும் கணக்கு ஒரே அளவுதான் வரும். பிரித்தது மற்ற பாடங்கள். அவற்றில் வீட்டு ஆங்கிலத்துக்கும் துணைப்பாடக் (டியூஷன்) கட்டணத்துக்கும் உள்ள பங்கு எல்லாருக்கும் தெரியும்.

சுண்ணாம்புக்கட்டி:
தரம்பிரிப்பு ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். 1979இல் துணைப் பிரதமர் கோ கெங் சுவீயின் குழு கல்வி பற்றி அறிக்கை தந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் உயர்நிலையை முடிக்காமலே நின்றுகொண்டிருந்தார்கள். இன்று அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. பாதியில் நின்றவர்களில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தானே அதிகம்?

இன்னொன்று. கென்யாவில் 121 தொடக்கப்பள்ளிகளில் டுஃப்லோ, டுப்பா, கிரெமர் மூவரும் நடத்திய சோதனை, 2011இல் வெளிவந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்பை மதிப்பெண்படி இரண்டாகப் பிரித்தார்கள், மீதியில் கலந்தே வைத்தார்கள். ஒன்றரை ஆண்டில் பிரித்த பள்ளிகள் சராசரியாக 0.14 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னால். கீழ்ப்பாதிப் பிள்ளைகளும் முன்னேறினார்கள்.

நேர்கோடு:
அதே ஆய்வில் எந்த ஆசிரியருக்கு எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கீழ்ப்பிரிவுக்கு வேறு பாடத்திட்டமும் இல்லை. நம் பள்ளிகளில் ஜி1 வகுப்பை யாருக்குக் கொடுப்பது என்று குலுக்கிப் போடச் சொல்லுங்கள், அப்புறம் கென்யாவைப் பேசுவோம். அங்கே பிரித்தது பிள்ளைகளை மட்டும். இங்கே பிள்ளையோடு பாடத்தையும் பிரிக்கிறோம், நான்கு ஆண்டு கழித்துக் கிடைக்கும் தகுதியையும் சேர்த்தே.

சுண்ணாம்புக்கட்டி:
ஆசிரியர் விஷயத்தில் மறுக்க மாட்டேன். ஆனால் 20 மதிப்பெண் வாங்கியவரையும் 92 வாங்கியவரையும் ஒரே இயற்கணித வகுப்பில் உட்காரவைத்தால், ஆசிரியர் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பாடம் நடத்துவார். கடைசி வரிசை வெறுமனே பார்த்து எழுதும். வசதியுள்ள வீடு அந்த இடைவெளியைப் பணம் கொடுத்து அடைத்துக்கொள்ளும். கலந்த வகுப்பு ஏழைக்கு நல்லது என்பது எப்போதும் உண்மையல்ல.

மூன்றாம்மணி:
இரண்டு பேரும் கால அட்டவணையை மறந்துவிட்டீர்கள் (மேலிடமும் அடிக்கடி மறக்கும்). ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் மட்டும் நிலை மாற வேண்டுமென்றால், அந்த ஆண்டின் எல்லா வகுப்புக்கும் கணக்கு ஒரே பாடவேளையில் நடக்க வேண்டும். எட்டு வகுப்பு என்றால் அந்த நேரத்தில் குறைந்தது எட்டுக் கணக்கு ஆசிரியர்கள், எட்டு அறைகள். ஆறு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அந்த ஆண்டின் வகுப்புகளை இரண்டு கட்டாகப் பிரிப்பார்கள். முதல் கட்டில் இருக்கும் பிள்ளை தகுதி பெற்றாலும், அந்தக் கட்டின் ஜி3 வகுப்பில் இடமில்லை என்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

தமிழில் சிக்கல் நேர்மாறு. ஓர் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகளே உள்ள பள்ளியில் மூன்று நிலைக்கும் சேர்த்து ஒரே ஆசிரியர், ஒரே அறைதான் கிடைக்கும். கட்டுரைத் தலைப்பு மூன்று விதம், கருத்தறிதல் மூன்று விதம். கலப்பு வகுப்பு எப்படியிருக்கும் என்று கேட்பவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். தயாரிப்பு நேரம் கொடுத்தால் நடக்கும், கொடுக்காவிட்டால் மூவருக்கும் ஒரே பயிற்சித்தாள்.

நேர்கோடு:
2023 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி துணைப்பாடத்துக்கு ஆண்டுக்கு 180 கோடி சிங்கப்பூர் வெள்ளி போகிறது. மேல்தட்டு 20 விழுக்காட்டுக் குடும்பங்கள், கீழ்த்தட்டு 20 விழுக்காட்டைவிட நான்கு மடங்குக்கும் மேல் செலவழிக்கின்றன. 64க்கும் 65க்கும் நடுவே கோடு போட்டால் அந்த ஒரு மதிப்பெண்ணை யார் வாங்குவார்? உயர்நிலை ஒன்றின் முதல் பருவத்தில் எல்லாருக்கும் ஒரே கணக்கு, அதன் பிறகு பிரிக்கலாம். என் கோரிக்கை இவ்வளவுதான்.

சுண்ணாம்புக்கட்டி:
பத்து வாரம் என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் நடு ஆண்டில் ஜி2இலிருந்து ஜி3க்கு ஏறும் பிள்ளைக்கு, அங்கே முடித்துவிட்ட அலகுகளை யார் சொல்லித் தருவது?

மூன்றாம்மணி:
பள்ளி நடத்த வேண்டும். ஆறு வாரம், வாரம் இரண்டு மணி, விட்டுப்போன அலகுகள் மட்டும். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் ஆசிரியரின் பணிக்கணக்கில் ஏறாவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். அப்போது துணைப்பாட நிலையம் எடுக்கும், கட்டணம் கட்டிய பிள்ளை மட்டும் ஏறும்.