மறு: ஷூகேஸ் – நிலநோக்கிசை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஸ்லோடைவ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 2017 ஆல்பத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்த நண்பர் 'ஷூகேஸ்' (shoegaze) என்ற ஒரு சொல்லில் நின்றுபோய், அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் கேட்டிருந்தார். காலணியைப் பார்ப்பது என்று பொருள்படும் இந்தச் சொல், கிட்டார் ஒலியை அடுக்கடுக்காகக் குழைத்து வாசிக்கும் ஒருவகை ராக் இசையின் பெயர். இதுவரை வந்தவை 'காலணிநோக்கி', 'காலணிப்பார்வை'. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று பழகிய காதுக்கு 'நோக்கி' என்று முடிந்தாலே கருவி என்றுதான் படும்.

அதைவிட முக்கியம், இந்த இசையில் காலணிக்கு வேலையே இல்லை. என் மகள் கிட்டார் வாசிக்கிறாள். அவள் அறைத் தரையில் சோப்புப் பெட்டி அளவில், கிட்டாரின் ஒலியை மாற்றுகிற நாலு இரும்புப் பெட்டிகள் (பெடல்கள்), குட்டி வயர்களால் கோத்தபடி கிடக்கும். எந்தக் குமிழை எதுவரை திருப்ப வேண்டும் என்று டேப் ஒட்டிப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஒன்றைக் காலால் அழுத்தினால் எதிரொலி, இன்னொன்றை அழுத்தினால் பெரிய மண்டபத்துக்குள் வாசிப்பதுபோல் எதிர்முழக்கம். பாட்டு நடக்கும்போது இதையெல்லாம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் எப்படி நிமிர்ந்து கூட்டத்தைப் பார்ப்பது? இந்தப் பெயர் பிறந்ததாகச் சொல்லப்படும் கதையிலும் தரைதான் வருகிறது: மூஸ் என்ற குழுவின் பாடகர் தரையில் ஒட்டிவைத்த வரிகளைக் குனிந்து பார்த்துப் பாடியதை ஒரு பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை அப்படி எழுதியதாம்.

ஆகவே என் பரிந்துரை: நிலநோக்கிசை. வாசிப்பவர் நிலநோக்கர், குழு நிலநோக்குக் குழு. குறிப்பறிதல் அதிகாரத்தில் 'யான்நோக்குங் காலை நிலன்நோக்கும்' என்று வள்ளுவர் சொன்ன நோக்கு இது. கூச்சம் உண்டு, அதற்குள் ஆசையும் உண்டு. இந்த இசையைக் கேட்டவர்களுக்கு அது பொருந்துவது தெரியும்.

ராக், ஜாஸ் எல்லாவற்றையும் அப்படியே எழுதுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் என்று ஐயா கேட்டது நியாயமான கேள்வி. ராக், ஜாஸ் என்பவை இன்று வெறும் பெயர்கள். ஷூகேஸ் இன்னும் பொருள் தெரிகிற சொல், அதுவும் ஏளனமாக வைத்த சொல். 1989இல் ரெடிங் நகரில் தொடங்கிய ஸ்லோடைவ் அந்த ஏளனத்தை நிறையவே வாங்கியது. பத்திரிகைகள் கிழித்தன. அவர்களுடைய ஆல்பங்களை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனத்திலேயே ஒயாசிஸ் என்ற குழு 1994இல் முதல் ஆல்பத்தோடு வந்து எல்லோரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மறு வருடம் 'பிக்மேலியன்' ஆல்பம் வந்த கையோடு ஸ்லோடைவின் ஒப்பந்தம் போனது, குழுவும் கலைந்தது. அதன் பாடகர்கள் நீல் ஹால்ஸ்டெடும் ரேச்சல் காஸ்வெலும் மொஹாவி 3 என்ற குழுவாக வேறு வழியில் போனார்கள். ஸ்லோடைவ் 2014இல் மீண்டும் மேடை ஏறி, 22 வருட இடைவெளிக்குப் பிறகு 2017இல், குழுவின் பெயரையே ஆல்பத்தின் தலைப்பாக வைத்து எட்டுப் பாடல்களோடு வந்தார்கள். முதல் பாட்டு 'ஸ்லோமோ' ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, குரல் வருவதற்கே நேரம் எடுத்துக்கொள்கிறது. யாருக்கும் எதையும் நிரூபிக்கிற அவசரம் அதில் இல்லை. என் மகளின் வயதுப் பிள்ளைகள் இந்தப் பெயரைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். தமிழில் செருப்பு, காலணி என்றாலே அவமானத்தின் வாடை ஒட்டியிருக்கிறது; அங்கே உதிர்ந்துபோன ஏளனத்தை நாம் ஏன் இங்கே புதிதாக ஒட்டவேண்டும்?

பெரிய நிறுவனங்களைச் சாராத 'இண்டி' இசைக்குச் சுயாதீன இசை, தனியிசை இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. தனியிசை என்றால் ஒருவர் தனியாகப் பாடுவது என்றும் ஆகிவிடும், அதனால் சுயாதீன இசையே இருக்கட்டும்.

அந்த இரும்புப் பெட்டிக்குத்தான், அதாவது பெடலுக்குத்தான், இன்னும் சொல் அமையவில்லை. 'மிதி' என்றே வைக்கலாமா? மிதிவண்டியில் ஏற்கனவே இருக்கிற மிதிதான். எதிரொலி மிதி, எதிர்முழக்க மிதி என்று சேர்த்துச் சொல்லவும் வருகிறது. கிட்டார் வாசிப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.